மெசின் ஆயிரம் மடங்கு வேகமானா கணக்கு எத்தினை மடங்கு முன்னேறும்?

ஐப்பசி முடிஞ்சு கார்த்திகை பிறந்தாக் காணும், திருகோணமலையில எல்லார்ட போனிலயும் ஒரே படம்தான் சுத்தும், வங்காள விரிகுடாவில ஒரு தாழமுக்கம், அதில இருந்து பிரிஞ்சு போற கன கோடு, ஒண்டு முல்லைத்தீவுப் பக்கம், ஒண்டு எங்கட தலைக்கு மேலால, இன்னொண்டு ஒரேயடியா தமிழ்நாட்டுக்கு. கடலுக்குப் போற ஆக்களுக்கும் தம்பலகாமத்தில விதைச்சுப்போட்டு வானத்தைப் பாத்துக்கொண்டிருக்கிற ஆக்களுக்கும் அது சீரியசான விசயம். அதால "இவ்வளவு பெரிய கொம்பியூட்டர் எல்லாம் வச்சிருக்கிறாங்க, ஒரே கோட்டைக் கீறி இதுதான் வழி எண்டு சொல்ல ஏலாதா" எண்டு கேக்கிறது நியாயமான கேள்விதான்.

இதுக்கு வழமையா வாற பதில் "இயற்கைய ஆரால கணிக்க ஏலும்" எண்டது. எனக்கு அதில திருப்தி இல்ல. இந்தக் கணக்கை ஓட்டுற மெசின் எப்பிடிக் கட்டப்பட்டிருக்கு, எந்த மாதிரிக் கணக்கை அது விரும்பிச் செய்யும், எந்த மாதிரிக் கணக்கில தடக்கி நிக்கும் எண்டு பாத்தாத்தான் அந்தக் கோடுகள் ஏன் இத்தினை வருது எண்டு விளங்கும். கொம்பியூட்டர் வேகமாகிக்கொண்டே போகுது எண்டது உண்மை, ஆனா எல்லாக் கணக்கும் ஒரே அளவில வேகமாகிறதில்ல, மெசின்ட அமைப்புக்கு ஒத்து வாற கணக்கு ஓடிப்போகும், மற்றது அங்கயே நிக்கும்.

முதல் கணக்கைப் பாப்பம். காலநிலை கணிக்கிறது எண்டா பூமிய முழுக்க சின்னச் சின்னப் பெட்டியாப் பிரிக்கிறது, கிடையாவும் பிரிக்கிறது மேல் நோக்கியும் பிரிக்கிறது, ஒவ்வொரு பெட்டிக்கும் இப்ப காத்து எவ்வளவு, அமுக்கம் எவ்வளவு, ஈரப்பதன் எவ்வளவு எண்டு போட்டுட்டு, பௌதிகச் சமன்பாட்டால கொஞ்ச நிமிசம் கழிச்சு என்ன ஆகும் எண்டு கணக்குப் பாக்கிறது, பிறகு அந்த விடைய வச்சு அடுத்த கொஞ்ச நிமிசம், பிறகு அடுத்தது, இப்பிடிப் பத்து நாள் வரைக்கும். ஐரோப்பாவின்ட நடுத்தரக் கால வானிலை மையம் இப்ப ஓட்டுற பிரதான கணிப்பில ஒரு பெட்டி 9 கிலோமீட்டர் அளவு. டவுனில இருந்து நிலாவெளிக்கு 15 கிலோமீட்டர் அளவு வரும், அப்ப டவுனும் உப்புவெளியும் நிலாவெளியும் சேந்து ரெண்டு பெட்டிக்குள்ள அடங்கிப்போகும். ஒரு இடிமுகில் நாலைஞ்சு கிலோமீட்டர்தான், அது பெட்டிக்குள்ள காணாமலே போயிரும், அதைத் தனியா ஒரு குத்துமதிப்புச் சூத்திரம் போட்டுத்தான் சமாளிக்கிறாங்க.

சரி, பெட்டிய 9 இல இருந்து நாலரை கிலோமீட்டருக்குக் குறைச்சா என்ன? அங்கதான் வில்லங்கம். கிழக்கு மேற்கா ரெண்டு மடங்கு பெட்டி, வடக்கு தெற்கா ரெண்டு மடங்கு, அதோட பெட்டி சின்னனானா கணக்கு ஒருக்கா முன்னுக்கு வைக்கிற நேர அடியையும் பாதியாக் குறைக்க வேணும், ஏனெண்டா ஒரு நேர அடிக்குள்ள காத்து ஒரு பெட்டியத் தாண்டிப் போனா கணக்கே உடைஞ்சிரும் (இதை கூரண்ட், பிரெட்ரிக்ஸ், லூயி எண்ட மூண்டு பேரும் 1928 இலயே எழுதிப்போட்டாங்க, கொம்பியூட்டர் எண்ட ஒண்டு வாறதுக்கு முதலே). அப்ப எட்டு மடங்கு வேலை, மேல் நோக்கியும் பாதியாக்கினா பதினாறு மடங்கு. இதைத் திருப்பிப் பாருங்க, ஆயிரம் மடங்கு வேகமான மெசின் ஒண்டு வந்தாலும் பெட்டிய ஆறில ஒண்டுக்கோ, நல்லா நடந்தா பத்தில ஒண்டுக்கோதான் குறைக்க ஏலும். மெசின் விக்கிறவன் ஆயிரம் எண்டுவான், மழைய எதிர்பாத்து நிக்கிறவனுக்கு வந்து சேருறது பத்துக்குக் கிட்ட. தலைப்பில கேட்டதுக்கு முதல் பதில் இது, ஆனா இது நல்ல பக்கம், இன்னும் மோசமான கணக்கெல்லாம் இருக்கு, பிறகு வாறன்.

இந்த முறையை முதல்ல கையால செஞ்சு பாத்தவர் லூயிஸ் ஃப்றை ரிச்சட்சன் எண்ட ஆங்கிலேயர். முதலாம் உலகப் போரில பிரான்சில அம்புலன்ஸ் ஓடிக்கொண்டு, இடையில 1910 மே 20 ஆம் திகதிக்கு ஆறு மணித்தியாலக் கணிப்பு ஒண்டைக் கணக்குப் பாத்தார், அதுக்கு ஆறு கிழமைக்குக் கிட்ட எடுத்திச்சு, விடை படு பிழை, அமுக்கம் 145 மில்லிபார் கூடும் எண்டு வந்திச்சு, அப்பிடி ஒண்டு பூமியில நடக்கவே நடக்காது. ஆனாலும் மனுசன் விடேல்ல, 1922 இல புத்தகமாப் போட்டு, 64,000 பேர் ஒரு பெரிய மண்டபத்தில இருந்து ஆளுக்கொரு பகுதியாக் கணக்குப் பாத்தா காலநிலையோட சேந்து ஓடலாம் எண்டு எழுதினார். அவர் கற்பனை பண்ணினது எண்பது தொண்ணூறு வருசம் கழிச்சு வந்த மெசின்களின்ட வடிவத்தைத்தான், ஆயிரக்கணக்கான சின்னக் கணக்காளர், ஒவ்வொருத்தரும் பக்கத்தில இருக்கிறவரோட மட்டும் கதைப்பினம். எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடம் இதுதான், மெசின் வர முதலே கணக்கே தன்ட மெசின் எப்பிடி இருக்க வேணும் எண்டு சொல்லிப்போட்டுது.

1950 இல எனியாக் எண்ட மெசினில ஜூல் சார்னி, ஜோன் வொன் நொய்மன் ஆக்கள் முதல் தடவையா கொம்பியூட்டரில கணிப்பு ஓட்டினாங்க, 24 மணித்தியாலக் கணிப்புக்கு 24 மணித்தியாலம் எடுத்திச்சு, அதாவது நாளைக்கு என்ன நடக்கும் எண்டது நாளைக்குத்தான் தெரியும். 18,000 அளவு வால்வு, 30 தொன் நிறை. 2008 இல பீட்டர் லிஞ்ச் எண்ட அயர்லாந்துக்காரர் அதே கணக்கை நொக்கியா 6300 போனில ஓட்டினார், ஒரு செக்கனுக்கும் குறைவு. அந்தப் போன் எங்கட ஊரில கன பேரின்ட சேட்டுப் பொக்கற்றில கிடந்ததுதான், அவ்வளவு சாதாரண சாமான். ஆனா இதில கவனிக்க வேண்டிய இன்னொண்டு இருக்கு, எனியாக்கில அந்த 24 மணித்தியாலத்தில பெரும் பகுதி கணக்குப் பாக்கிறதில போகேல்ல, தகவல் பதியத் துளை போட்ட அட்டைகளை எடுக்கிறது, அடுக்கிறது, திருப்பி மெசினுக்குள்ள போடுறது எண்டுதான் போச்சு. கணக்குப் பாக்கிறது சுகம், தகவலைக் கொண்டு வந்து சேக்கிறதுதான் கஸ்டம் எண்டது அண்டைக்கே தெரிஞ்சிட்டு. இண்டைக்கும் அதே வருத்தம்தான்.

அடுத்த ஐம்பது வருசம் பெரிய பாடு ஒண்டும் இல்லாம ஓடிச்சு. 1965 இல கோடன் மூர் சொன்ன மாதிரி சிப்பில ட்ரான்சிஸ்டர் எண்ணிக்கை ஒழுங்கா இரட்டிச்சுக்கொண்டு வந்திச்சு, 1976 இல வந்த கிறே-1 ஐ சீமோர் கிறே வளைச்சு, ஆங்கில எழுத்து சி மாதிரிக் கட்டினது வயர் நீளத்தைக் குறைக்கத்தான், உள்ள ஒரு வயரும் நாலு அடிக்கு மேல இல்ல, மின்சாரம் வயரில ஓடுற நேரம் கூட கணக்கில தடையா வாற அளவுக்கு மெசின் வேகமாப் போயிட்டு. ஐரோப்பிய மையம் 1979 இல தன்ட கணிப்பை அந்த கிறே-1 இலதான் தொடங்கிச்சு. இந்தக் காலம் முழுக்க புரோகிராம் எழுதுறவனுக்கு நல்ல காலம், பேசாம ரெண்டு வருசம் இருந்தாலே புது சிப் வந்து பழைய புரோகிராம் தானா வேகமாகிரும்.

2004, 2005 அளவில அந்தக் கொண்டாட்டம் முடிஞ்சு போச்சு. அதுவரைக்கும் ட்ரான்சிஸ்டர் சின்னனாக ஆக அது இழுக்கிற கரண்டும் குறைஞ்சுகொண்டு வந்திச்சு, ரொபர்ட் டெனார்ட் 1974 இல இதை எழுதி வச்சார், அந்த விதி தேஞ்சு போனதும் வேகத்தைக் கூட்டினா சூடு தாங்கேலாமப் போச்சு. இன்டெல் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 ஐ 2004 இல கைவிட்டிட்டுது. இருபது வருசம் கழிச்சும் லப்டொப் வாங்கப் போனா 3, 4, 5 கிகாஹேர்ட்ஸ் எண்டுதான் போட்டிருக்கும், அதில பெரிசா ஒண்டும் கூடேல்ல. ஒரு சிப்பை வேகமாக்க ஏலாது எண்டதும் கனக்க சிப்பை அடுக்கத் தொடங்கினாங்க, ஒரு சிப்புக்குள்ளயே ரெண்டு கோர் (கோர் எண்டா தனியாக் கணக்குப் பாக்கிற ஒரு பகுதி), எட்டுக் கோர், பிறகு கேம் விளையாடுறதுக்கெண்டு செஞ்ச கிராபிக்ஸ் காட்டில இருக்கிற ஆயிரக்கணக்கான சின்னக் கோர். 2022 இல அமெரிக்காவில ஓக் ரிட்ஜில வந்த ஃப்ரொன்டியர் மெசின்தான் ஒரு செக்கனுக்கு ஒண்டுக்குப் பின்னால பதினெட்டு சைபர் போடுற அளவு கணக்குச் செய்ததா முதல்ல பதிவாச்சு, அதுக்குள்ள 9,400 க்கு மேல கொம்பியூட்டர், ஒவ்வொண்டிலயும் ஒரு சாதாரண புரொசெசரும் நாலு கிராபிக்ஸ் சிப்பும். ரிச்சட்சன்ட மண்டபம் கட்டி முடிஞ்சுது எண்டு சொல்லலாம்.

கரண்டு 21 மெகாவொட் அளவு. சம்பூரில திட்டம் போட்ட சூரிய மின் நிலையத்தின்ட முதல் கட்டம் 50 மெகாவொட், ஆனா சூரியன் ராத்திரி வேலை செய்யாது, முகிலும் இருக்கு, சராசரி பாத்தா அஞ்சில ஒண்டுதான் தேறும், அப்ப அந்த ஒரு மெசினுக்கு எங்கட சம்பூர் மாதிரி ரெண்டு வேணும்.

இனி தகவலைக் கொண்டு வந்து சேக்கிற அந்தப் பழைய வருத்தத்துக்கு வருவம். 2009 இல கிண்ணியாப் பாலம் திறக்க முதல் அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், டவுனில இருந்து பஸ் எவ்வளவு கெதியா வந்தாலும் கரையில நிண்டு பாதை (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக் கடக்கிற மிதவை) வாற வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான், பஸ்ஸை மாத்தி புது பஸ் விட்டாலும் அதே நேரம்தான் ஆகும், ஏனெண்டா நேரம் போனது றோட்டில இல்ல, தண்ணியில. புரொசெசருக்கும் மெமரிக்கும் இடையில இருக்கிறது அதே பாதைதான். 3 கிகாஹேர்ட்ஸ் புரொசெசர் ஒரு அடி வைக்க 0.3 நனோசெக்கன், மெமரியில இருந்து ஒரு எண்ணைக் கொண்டு வர 80, 100 நனோசெக்கன், அதாவது ஒரு எண்ணைக் கேட்டுப்போட்டு 300 அடி வைக்கிற நேரம் சும்மா இருக்க வேணும். 1995 இல வுல்ஃப், மக்கீ எண்ட ரெண்டு பேர் இதை மெமரிச் சுவர் எண்டு எழுதி, இதில போய் எல்லாரும் முட்டத்தான் போறம் எண்டு சொன்னாங்க, சொன்ன மாதிரியே முட்டினம்.

இதால வாற நட்டம் எவ்வளவு எண்டு பாக்க நல்ல உதாரணம் யப்பான்ட ஃபுகாகு. 2020 இல உலகத்தில முதலாம் இடம், லின்பாக் எண்ட சோதனையில 442 பெட்டாஃப்ளொப்ஸ் (ஒரு பெட்டாஃப்ளொப்ஸ் எண்டா செக்கனுக்கு ஒண்டுக்குப் பின்னால 15 சைபர் போடுற அளவு கணக்கு). லின்பாக்கில ஒரு எண்ணை எடுத்தா அதை வச்சு திருப்பித் திருப்பிக் கணக்குச் செய்யலாம், மெமரிக்கு ஓட வேண்டியது குறைவு. ஆனா காலநிலை, கடல் அலை, பாலத்தின்ட பலம் மாதிரி உண்மையான கணக்குகளுக்குக் கிட்டவான இன்னொரு சோதனை இருக்கு, அதில எடுக்கிற ஒவ்வொரு எண்ணிலயும் ஒண்டு ரெண்டு கணக்குத்தான் செய்வம், பிறகு அடுத்த எண்ணுக்கு ஓட வேணும். அந்தச் சோதனையில அதே ஃபுகாகு 16 பெட்டாஃப்ளொப்ஸ். நூற்றுக்கு நாலு கூட இல்ல. அதுவும் அந்தச் சோதனையிலயும் அண்டைக்கு அதுதான் உலகத்தில முதலாவது. அதால பேப்பரில "உலகின் அதிவேகக் கணினி" எண்டு பெரிய எழுத்தில போட்டா நான் அந்த முதல் எண்ணைப் பாக்கிறதில்ல, ரெண்டாவது எண் எங்கயாவது போட்டிருக்கா எண்டுதான் தேடுறது. இப்ப சிப் வடிவமைக்கிறவங்க மினக்கெடுற விசயமும் இதுதான், மெமரிய தூரத்தில வைக்காம சிப்புக்குப் பக்கத்திலயே மாடி மாடியா அடுக்கிறாங்க, என்விடியாவின்ட எச்100 இல 80 கிகாபைட் மெமரி இப்பிடி ஒட்டி இருக்கு, செக்கனுக்கு 3 டெராபைட்டுக்கு மேல அள்ளும், சாதாரண லப்டொப் அதில முப்பதில ஒரு பங்கு அள்ளினாலே பெரிய விசயம்.

கனக்க கோரை அடுக்கினாலும் எல்லாத்தையும் பிரிச்சுக் குடுக்க ஏலாது எண்டது அடுத்த இடைஞ்சல். ஜீன் அம்டால் 1967 இல சொன்னது, வேலையில நூற்றுக்கு அஞ்சு பங்கு ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத்தான் செய்ய வேணும் எண்டா, கோடிக்கணக்கில கோர் போட்டாலும் இருபது மடங்குக்கு மேல வேகம் வராது. காலநிலைக் கணக்கில இந்த இடத்தை பாருங்க, இடத்தைப் பிரிக்கலாம், எங்கட பெட்டிய ஒரு சிப்புக்கும் சென்னைப் பெட்டிய இன்னொரு சிப்புக்கும் குடுக்கலாம், ஆனா நேரத்தைப் பிரிக்க ஏலாது. புதன்கிழமை என்ன நடக்கும் எண்டு கணக்குப் பாக்க செவ்வாய்க்கிழமை முடிய வேணும், செவ்வாய்க்கு திங்கள். எத்தினை ஆயிரம் சிப் இருந்தாலும் புதன்கிழமையை முதலே தொடங்க ஏலாது. அதோட ஒவ்வொரு அடியிலயும் எல்லாப் பெட்டியும் பக்கத்துப் பெட்டியோட தகவல் மாத்த வேணும், பிந்தின சிப்புக்காக மிச்சம் எல்லாம் காத்துக்கொண்டு நிக்கும்.

அப்ப ஆயிரக்கணக்கில சிப்பை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது? இங்கதான் அந்தக் கோடுகள் வருது. எட்வேட் லொரன்ஸ் 1961 இல தன்ட சின்னக் கொம்பியூட்டரில 0.506127 எண்டு இருந்த எண்ணை 0.506 எண்டு சுருக்கிப் போட்டு திரும்ப ஓட்டினார், கொஞ்சம் போக விடை முழுசா வேற திசையில போயிட்டு. தொடக்கத்தில ஒரு துளி வித்தியாசம் இருந்தாலே பின்னுக்குப் பெரிசாகிரும் எண்டா, ஒரே கணிப்பை இன்னும் இன்னும் நுணுக்கமா ஓட்டுறதில ஒரு எல்லைக்கு மேல லாபம் இல்ல. மற்றப் பக்கம், தொடக்கத்தை கொஞ்சம் கொஞ்சம் மாத்தி அம்பது தரம் ஓட்டுறது எண்டா அந்த அம்பதும் ஒண்டோட ஒண்டு கதைக்கவே தேவையில்ல, கனக்க சிப் இருக்கிற மெசினுக்கு இதை விட நல்ல வேலை கிடைக்காது. 1992 இல இருந்து ஐரோப்பியரும் அமெரிக்கரும் இப்பிடித்தான் கூட்டுக் கணிப்பு ஓட்டுறாங்க, இப்ப ஐரோப்பிய மையத்தில 51. போனில வாற ஒவ்வொரு கோடும் அதில ஒரு ஓட்டம். கோடெல்லாம் ஒண்டா நெருங்கி வந்தா நம்பிக்கை கூட, விசிறி மாதிரி விரிஞ்சா "எங்களுக்கே தெரியாது" எண்டு மெசின் நேர்மையாச் சொல்லுது. 2020 டிசம்பர் 2 ராத்திரி புரெவிச் சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில கரை ஏறினப்ப எங்க வரும் எண்டு முதலே ஓரளவுக்குச் சொல்லி ஆக்களை எழுப்பக் கூடியதா இருந்திச்சு, 1964 டிசம்பர்ச் சூறாவளி இதே திருகோணமலைய அடிச்சுப்போட்டு தனுஷ்கோடிக்குப் போனப்ப அப்பிடி ஒரு வசதி இந்தக் கரையில ஆருக்கும் இல்ல.

இதில நான் சொல்ல வாறது என்னெண்டா, மெசின்ட வடிவம் விடைய மட்டும் மாத்தேல்ல, கேள்வியையே மாத்திப்போட்டுது. "எங்க போகும்" எண்டு கேட்ட இடத்தில இப்ப "இங்க வர எத்தினை வீதம் வாய்ப்பு" எண்டு கேக்கிறம். கனபேர் இதை மழுப்பல் எண்டு நினைக்கிறாங்க, என்னைக் கேட்டா ஒரு கோட்டைக் கீறி அடிச்சுச் சொல்லுறவனைத்தான் நம்பக் கூடாது.

நுணுக்கம் குறைச்சா நல்லது எண்ட இன்னொரு விசித்திரமும் நடந்திருக்கு. ஐரோப்பிய மையம் 2021 இல எண்களை 64 பிட்டில இருந்து 32 பிட்டுக்குக் குறைச்சுது, அதாவது ஒவ்வொரு எண்ணிலயும் தசமத்துக்குப் பின்னால இருக்கிற இலக்கம் பாதிக்கு மேல போச்சு. லொரன்ஸ் கதைய இப்பதான் வாசிச்ச ஆளுக்கு இது பைத்தியக்காரத்தனமாத் தெரியும், ஆனா கடலுக்கு மேல காத்து எவ்வளவு எண்டு அளக்கிறதில இருக்கிற பிழை அந்தத் தசமங்களை விட எவ்வளவோ பெரிசு, அங்க பிழை கிடக்க இங்க பதினைஞ்சு இலக்கம் எழுதி என்ன பிரயோசனம். எண் பாதியானதால மெமரிப் பாதையால ரெண்டு மடங்கு எண் போகுது, மிஞ்சின நேரத்தில கூட்டுக் கணிப்பின்ட மேல்நோக்கின அடுக்கை 91 இல இருந்து 137 ஆக்கினாங்க.

இன்னும் மோசமான கணக்குகளும் இருக்கு எண்டு முதல்ல சொன்னன், பிரிச்சுக் குடுத்தாலும் வேகத்தால வெல்ல ஏலாத கணக்குகள் அது. திருகோணமலையில இருந்து ஒரு லொறி வெளிக்கிட்டு நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, கந்தளாய், கிண்ணியா, மூதூர், வெருகல் எண்டு எல்லா இடமும் சாமான் இறக்கிப்போட்டு திரும்ப வர வேணும், ஆகக் குறைஞ்ச தூரம் எது? மொத்தம் 25 இடம் எண்டு வைங்க, எல்லா வழியையும் ஒண்டொண்டாப் பாத்தா 3 க்குப் பின்னால 23 சைபர் போடுற அளவு வழி. ஃப்ரொன்டியர் அளவு மெசின் ஒரு அடிக்கு ஒரு வழி பாக்குது எண்டு தாராளமா விட்டாலும் மூண்டரை நாளுக்கு மேல. 30 இடம் எண்டா ஒரு லட்சத்து நாப்பதாயிரம் வருசம்! ஆயிரம் மடங்கு வேகமான மெசின் வந்தா அதே மூண்டரை நாளில 25 இடத்துக்குப் பதிலா 27 இடம், ரெண்டே ரெண்டு கடைதான் கூட. ஆனா 1962 இல ஹெல்ட், கார்ப் எண்டவங்களும் தனியா பெல்மனும் வேற வழி கண்டாங்க, பார்த்த பகுதிய மறக்காம எழுதி வச்சு திரும்பப் பாவிக்கிறது, அதால 25 இடத்துக்கு 2,100 கோடி அடி அளவுதான், சாதாரண லப்டொப் சில நிமிசத்தில முடிச்சிரும். இன்னும் கெட்டித்தனமான முறைகளால 2006 இல 85,900 புள்ளி இருக்கிற கணக்கு ஒண்டை இதுதான் ஆகக் குறைஞ்ச தூரம் எண்டு நிரூபிச்சே முடிச்சாங்க. மார்ட்டின் க்ரொட்செல் எண்ட ஜேர்மன் கணிதக்காரர் உற்பத்தித் திட்டமிடல் கணக்கு ஒண்டைப் பாத்துச் சொன்னது, 1988 இல 82 வருசம் எடுத்திருக்கக் கூடிய கணக்கு 2003 இல ஒரு நிமிசம், அந்த 4 கோடியே 30 லட்சம் மடங்கில மெசின்ட பங்கு ஆயிரம், முறையின்ட பங்கு 43,000. மெசின் கொம்பனிகள் இந்தக் கணக்கை விளம்பரத்தில போடாது.

நேரம் எண்டது சில கணக்கில எதிரியே. 2004 டிசம்பர் 26 சுமாத்ராவில நிலம் அதிர்ந்து ரெண்டு மணித்தியால அளவில எங்கட கிழக்குக் கரைக்கு அலை வந்து சேந்துது, 4,000 மீட்டர் ஆழக் கடலில சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல ஓடும். நூற்றுக்கு நூறு சரியான கணக்கு மூண்டாவது மணித்தியாலத்தில வந்தா அது ஒருத்தருக்கும் உதவாது. இப்ப எச்சரிக்கை நிலையங்கள் செய்யிறது நல்ல யோசனை, ஆழ்கடலில சுனாமி அலை ஒண்டோட ஒண்டு நேரடியாக் கூட்டுப்படும், அதால கடலடியில ஒவ்வொரு துண்டும் அசைஞ்சா அலை எப்பிடிப் பரவும் எண்டு முதலே ஓட்டி எழுதி வச்சிருக்கிறாங்க, அதிர்வு வந்ததும் எந்தத் துண்டு எவ்வளவு எண்டு பாத்து எழுதி வச்சதைக் கூட்டினாச் சரி, கணக்கு நேரம் மெமரியில இருந்து எடுக்கிற நேரமா மாறிப்போகும். கரைக்குக் கிட்ட வந்தா இந்தக் கூட்டல் சரிவராது, அங்க புதுசாக் கணக்குப் பாக்க வேணும், அதுவும் எங்கட கொட்டியாரக் குடா மாதிரி வாசலிலயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு கிடக்கிற இடத்தில ஆழம் சடாரெண்டு மாறும், அலையின்ட வேகம் ஆழத்தைப் பொறுத்தது எண்டதால அலை வளைஞ்சு போகும், அங்க பெட்டி பத்து மீட்டர் கணக்கில சின்னனா இருக்க வேணும், நடுக்கடலில கிலோமீட்டர் கணக்கில இருந்தாப் போதும். கிராபிக்ஸ் சிப்புக்கு இந்தக் கணக்கு நல்லா ஒத்து வருது, இப்ப அலை ஓடுறதை விட கெதியாக் கணக்கு ஓடுது.

ஒரே கணக்குக்கெண்டு ஒரு மெசின் கட்டுறதும் புதுசில்ல. 1872 இல கெல்வின் பிரபு வத்துப்பெருக்குக் கணிக்க பித்தளைச் சில்லும் கப்பியும் வச்சு ஒண்டு கட்டினார், 1879 இல இந்தியத் துறைமுகங்களுக்கெண்டே இன்னொண்டு கட்டப்பட்டுது. எங்கட துறைமுகத்தில வத்துப்பெருக்கு ஒரு மீட்டர் கூட இல்ல, அதால எங்களுக்கு அது பெரிய விசயமாத் தெரியாது, வேற துறைமுகங்களில கப்பல் உள்ள வரவே அந்தக் கணிப்பு வேணும். இந்தக் காலத்தில அதே யோசனையில டி. ஈ. ஷோ ஆராய்ச்சி நிறுவனம் 2008 இல அன்டன் எண்ட மெசினைக் கட்டிச்சு, புரத மூலக்கூறு எப்பிடி அசையுது எண்டது மட்டும்தான் அதின்ட வேலை, பொது மெசின்கள் மைக்ரோசெக்கன் கணக்கில தவிச்ச நேரம் அது 2010 இல ஒரு மில்லிசெக்கன் அசைவை ஓட்டிக் காட்டிச்சு.

கடைசியா வந்தது செயற்கை நுண்ணறிவு. 2023 இல டீப்மைண்டின்ட கிராஃப்காஸ்ட் ஒரே ஒரு சிப்பில ஒரு நிமிசத்துக்குள்ள பத்து நாள் கணிப்பைப் போட்டுது, ஐரோப்பிய மையமும் 2025 பெப்ரவரியில இருந்து தன்ட செயற்கை நுண்ணறிவுக் கணிப்பை தினமும் வெளியிடுது. இது ஏன் இவ்வளவு வேகம் எண்டா, கொஞ்ச நிமிசம் கொஞ்ச நிமிசமா அடி வைக்காம ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு எட்டாப் பாயுது, ஒவ்வொரு பாய்ச்சலும் பெரிய பெருக்கல் கணக்கு, எடுத்த எண்ணைத் திருப்பித் திருப்பிப் பாவிக்கிற அதே லின்பாக் மாதிரி வேலை, கிராபிக்ஸ் சிப்புக்கு அதுதான் சக்கரைப் பொங்கல். சூறாவளி போற வழிய நல்லாச் சொல்லுது, காத்தின்ட உச்ச வேகத்தைக் குறைச்சுச் சொல்லுற பழக்கம் இருக்கு. ஆனா ஒண்டை மறக்கக் கூடாது, கிராஃப்காஸ்ட் படிச்சது 1979 இல இருந்து 2017 வரையான 39 வருசத் தரவை, அந்தத் தரவை ஒழுங்கா அடுக்கித் தந்தது பழைய பௌதிகக் கணக்குத்தான், பழசை மூடிப்போட்டு புதுசை மட்டும் வச்சிருக்கலாம் எண்டு சொல்லுறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

எங்கட பக்கத்துக்கு இதால ஒரு நன்மை. நிலாவெளி றோட்டில, கோணேசபுரியில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில கணினி படிக்கிற ஒரு பிள்ளை பத்து வருசத்துக்கு முதல் உலகக் கணிப்பு ஓட்ட வேணும் எண்டா கனவுதான் காண வேணும். இப்ப ரெண்டு வழி இருக்கு. டபிள்யூஆர்எஃப் எண்ட இலவசப் புரோகிராமில கிழக்கு மாகாணத்தை மட்டும் வெட்டி எடுத்து 3 கிலோமீட்டர் பெட்டியில ஓட்டலாம், வெட்டின பகுதியின்ட ஓரத்துக்கு வேண்டிய தரவை அமெரிக்காவின்ட ஜிஎஃப்எஸ் எண்ட உலகக் கணிப்பு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இலவசமாத் தருது, நாலைஞ்சு நல்ல கொம்பியூட்டர் சேத்தா காணும். மற்றது ஐரோப்பிய மையம் திறந்து விட்டிருக்கிற செயற்கை நுண்ணறிவு மொடலை ஒரு கிராபிக்ஸ் காட்டில ஓட்டுறது, நிமிசக் கணக்கில முழு உலகமும் வரும். அதுக்குக் காட் வாங்கப் போற ஆக்கள் கடையில கோர் எத்தினை ஆயிரம் எண்டு காட்டுற பலகையப் பாத்து மயங்காம, மெமரி எத்தினை கிகாபைட், அது செக்கனுக்கு எவ்வளவு அள்ளும் எண்டதை முதல்ல கேளுங்க, மெமரி காணாட்டி அந்த மொடல் உள்ளுக்கே ஏறாது.